சைக்ளோன் முதல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் வரை: பழைய, புதிய ரோலர் கோஸ்டர்களை எதைக் கொண்டு ஒப்பிடுவது?

கடைசிப்பெட்டி:

ரோலர் கோஸ்டர்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் உயரத்திலும் வேகத்திலும் வந்து நின்றுவிடுகிறது. நியூஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் 2005இல் திறக்கப்பட்ட கிங்டா கா, 456 அடி உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம் என்ற இரண்டு எண்களாலேயே உலகமெங்கும் அறியப்பட்டது. பென்சில்வேனியாவின் எலிஸ்பர்க் என்ற சிற்றூரில் கெனோபல்ஸ் என்றொரு பூங்கா இருக்கிறது. அங்கே ஓடும் ஃபீனிக்ஸ் என்ற மர கோஸ்டரின் உயரம் 78 அடி மட்டுமே. அதன் வேகம் ஊருக்கு வெளியே செல்லும் பேருந்தின் வேகத்தைத் தாண்டாது. ஆனாலும் 'அம்யூஸ்மென்ட் டுடே' இதழின் கோல்டன் டிக்கெட் வாக்கெடுப்பில் 2018இலும் 2019இலும் உலகின் சிறந்த மர கோஸ்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஃபீனிக்ஸ்தான். எண்களை மட்டும் வைத்து ஒப்பிடுகிறவர்களால் இதை விளக்க முடியாது. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கோஸ்டருக்கும் புதியதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு, இருக்கையில் அமர்ந்திருப்பவரின் உடலுக்கு எவ்வளவு இடம் விடப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஃபீனிக்ஸின் பெட்டிகளில் இருவருக்கும் சேர்த்து மடிக்கு மேலே இறங்கும் ஒரே பாதுகாப்புக் கம்பிதான் உண்டு. அது ஒரே நிலையில் பூட்டிக்கொள்ளும், தொடையை அழுத்தாது. தொடைக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியே சவாரியின் உயிர். மேட்டின் உச்சியைக் கடக்கும்போது வண்டி கீழே திரும்பத் தொடங்கிவிடுகிறது, நம் உடலோ முன்பு போன திசையிலேயே மேலே போக முயல்கிறது; அப்போது இருக்கையிலிருந்து உண்மையாகவே எழுகிறோம். ஆர்வலர்கள் ஏர்டைம் என்று சொல்வது இதைத்தான். 310 அடி உயரத்திலிருந்து 80 பாகைச் சரிவில் இறங்கும், சீடர் பாயின்ட் பூங்காவின் மில்லெனியம் ஃபோர்ஸ் அழகிய கோஸ்டர் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் அதன் மேடுகளில் மெல்ல மிதப்பதை உணர்ந்தேனே தவிர, ஃபீனிக்ஸின் கடைசிப் பகுதியில் வரும் சிறு மேடுகளின் வரிசை தருவது எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

ஃபீனிக்ஸின் வரலாற்றையும் நினைவில் வைக்க வேண்டும். அது முதலில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில், பிளேலேண்ட் பார்க் என்ற பூங்காவில் ராக்கெட் என்ற பெயரில் 1940களின் இறுதியிலிருந்து ஓடியது. அந்தப் பூங்கா மூடப்பட்ட பிறகு ஒவ்வொரு மரத்துண்டுக்கும் எண் இட்டுக் கழற்றி, நாட்டின் குறுக்கே கொண்டுவந்து, 1985இல் மீண்டும் நிறுத்தினார்கள். புதிய கோஸ்டர்களில் எது இப்படி இரண்டாம் வாழ்வு பெறும் என்று நண்பர்கள் சொல்ல வேண்டும்.

சமன்பாடு:

நண்பர் கடைசிப்பெட்டி எழுப்பும் கேள்வி மிகச் சரியானது. அவர் சொல்லும் விடையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கையில் இடைவெளி விடுவது எளிய வேலை; பாதையின் வளைவு ஒவ்வொரு கணத்திலும் உடல்மீது செலுத்தும் விசையை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த விசை திடீரென மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். கோஸ்டர் வரலாற்றில் உண்மையான முன்னேற்றம் அங்கேதான் நிகழ்ந்தது.

தலைகீழ் வளையத்தையே எடுத்துக்கொள்வோம். 1895இல் நியூயார்க்கிலுள்ள கோனி தீவின் சீ லயன் பார்க்கில் ஃபிளிப் ஃபிளாப் என்ற கோஸ்டர் இருந்தது. அதன் வளையம் கிட்டத்தட்ட முழு வட்டம். முழு வட்டமான வளையத்தின் உச்சியில் வண்டி விழாமல் கடப்பதற்குத் தேவையான குறைந்த வேகத்தைக் கணக்கிட்டால், வளையத்தின் அடியில் பயணியின்மீது அவருடைய எடையைப் போல 6 மடங்கு விசை விழும் என்பது பள்ளி இயற்பியலிலேயே வந்துவிடும். அதைவிடக் கொடுமை, நேர்ப்பாதையிலிருந்து வட்டத்துக்குள் நுழையும் அந்த ஒரு நொடிக்குள்ளேயே அவ்வளவு விசையும் வந்து இறங்குவதுதான். கழுத்து வலியோடு இறங்கிய மக்கள் அதைக் கைவிட்டதில் வியப்பில்லை. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டனில், ஜெர்மானியரான அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப் கட்டி, வெர்னர் ஷ்டெங்கல் கணக்கிட்ட ரெவொல்யூஷன் திறக்கப்பட்டது. அதன் வளையம் கண்ணீர்த் துளியின் வடிவம் கொண்டது. அடியில் வளைவு அகன்றிருக்கும். மேலே ஏற ஏறக் குறுகும். வேகம் மிகுந்த இடத்தில் ஆரம் பெரிதாகவும் வேகம் குறைந்த இடத்தில் ஆரம் சிறிதாகவும் இருப்பதால் விசை சீராக ஏறி, சீராக இறங்குகிறது. இன்று உலகில் நீங்கள் காணும் வளையங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவையே.

அதே ஷ்டெங்கலின் மற்றொரு பங்களிப்பைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டி பக்கவாட்டில் புரளும்போது தண்டவாளத்தை அச்சாக வைத்துப் புரட்டினால், மேலே இருக்கும் தலை பெரிய வட்டத்தில் வீசி எறியப்படும். பயணியின் நெஞ்சை அச்சாக வைத்து, தண்டவாளம் அவரைச் சுற்றி வருமாறு அமைத்தால், உடல் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே சுழலும். இருக்கையின் சுகமோ வலியோ இந்த ஒரு முடிவில்தான் அடங்கியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பழையது' என்று நாம் போற்றும் 1920களின் கோஸ்டர்கள் தம் காலத்தில் மிகப் புதிய இயந்திரங்களாக இருந்தன. 1884இல் லமார்கஸ் தாம்ப்சன் கோனி தீவில் அமைத்த ஸ்விட்ச்பேக் ரயில்வேயில் வண்டி மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டது. கட்டணம் 5 சென்ட். ஜான் மில்லர் 1919இல் காப்புரிமை பெற்ற அடிச்சக்கரம் வந்த பிறகுதான், தண்டவாளத்தின் கீழ்ப்புறத்தையும் வண்டி பற்றிக்கொண்டது. அதற்கு முன் மேட்டின் உச்சியில் வண்டி தண்டவாளத்தை விட்டு எழுந்துவிடும் என்ற அச்சத்தால் கூரிய மேடுகளைக் கட்டவே முடியாது. நண்பர் விரும்பும் ஏர்டைமும் ஒரு தொழில்நுட்பத்தின் கொடைதான்.

நீரோடைக்கரை:

இருவரும் விட்டுவிட்ட ஒன்று நிலம். பிட்ஸ்பர்க் அருகில் கென்னிவுட் பூங்காவில் 1920இல் மில்லர் வடிவமைத்த ஜாக் ராபிட் இன்றும் ஓடுகிறது. அந்த இடத்தில் இயற்கையாகவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மில்லர் அதை நிரப்பவில்லை. வண்டியை அதற்குள் இறக்கினார். நிலையத்தை விட்டுக் கிளம்பிய வண்டி, சங்கிலியால் ஏற்றப்படுவதற்கு முன்பே பள்ளத்தில் பாய்ந்துவிடும். ஏற்றம் முடிந்த பிறகு வரும் இரட்டை இறக்கத்தில், முதல் இறக்கம் முடிந்துவிட்டதென உடல் நம்பும் இடத்தில் தரை மீண்டும் கீழே போய்விடுகிறது. இத்தனைக்கும் அதன் மரச் சட்டகத்தின் உயரம் சொல்லிக்கொள்ளும்படியானதன்று. அதே பூங்காவின் தண்டர்போல்டும், 1924இல் பிப்பின் என்ற பெயரில் கட்டப்பட்ட கோஸ்டரின் பள்ளத்தாக்குப் பகுதியை வைத்துக்கொண்டு 1968இல் மாற்றி அமைக்கப்பட்டதுதான். பக்கவாட்டு விசை அங்கே அவ்வளவு வலுவானது என்பதால் தனியாக ஒருவரை ஏற்றுவதில்லை. இருக்கையில் இருவர் அமர வேண்டும்.

புதிய கோஸ்டர்களில் பல, வாகனம் நிறுத்தும் திடலைப் போன்ற சமதரையில் எழுப்பப்படுகின்றன. எஃகுத் தூண்கள் எந்த உயரத்துக்கும் போகும் என்பதால் நிலத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் வடிவமைப்பாளருக்கு இல்லை. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

முதல்வரிசை:

நான் இந்த விவாதத்துக்குப் புதியவன். ஒரு ஐயம். ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனம் பழைய மர கோஸ்டர்களின் சட்டகத்தை வைத்துக்கொண்டு எஃகுத் தண்டவாளம் பொருத்துவதாகப் படித்தேன். அப்படியானால் நாம் போற்றும் பழைய கோஸ்டர்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருக்கின்றன என்றுதானே பொருள்? ஆர்வலர்கள் இதை ஏன் கொண்டாடுகிறார்கள்?

கடைசிப்பெட்டி:

முதல்வரிசை அவர்களே, இந்த அச்சம் பலருக்கு உண்டு. ஆனால் மாற்றப்பட்ட கோஸ்டர்கள் எவை என்று வரிசையாகப் பார்த்தால் வேறொரு உண்மை தெரியும். முதலில் மாற்றப்பட்டது சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓவர் டெக்சாஸின் டெக்சாஸ் ஜயன்ட். அது 1990இல் கட்டப்பட்டு 2011இல் எஃகுப் பாதையோடு மீண்டும் திறக்கப்பட்டது. சான் அன்டோனியோவின் ராட்லர் 1992இல் வந்தது. ஒகையோ மாநிலத்தில் ஈரி ஏரியின் கரையிலுள்ள சீடர் பாயின்ட் பூங்காவின் மீன் ஸ்ட்ரீக் 1991இல் வந்தது. அதுதான் 2018இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆனது. ஃபுளோரிடாவின் குவாசி 1999இல் வந்து, 2022இல் அயர்ன் குவாசி என்று மறுபிறவி எடுத்தது. இந்தப் பட்டியலில் மிக மூத்தது மேஜிக் மவுன்டனின் கொலாசஸ். அதுவும் 1978ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். 1920களின் கோஸ்டர் ஒன்றைக்கூட அந்த நிறுவனம் இப்படி மாற்றவில்லை. எனவே அழிந்தவை நாம் போற்றும் பழையவை அல்ல. பழையவற்றைப் பார்த்து, அவற்றைவிடப் பெரிதாகக் கட்ட முயன்ற ஒரு தலைமுறையின் படைப்புகள்.

இதற்குச் சைக்ளோனை விடத் தெளிவான சான்று இல்லை. கோனி தீவின் சைக்ளோன் 1927 ஜூன் 26 அன்று திறக்கப்பட்டது. 85 அடி உயரம், 2,640 அடி நீளம், 58 பாகைக்குச் சற்று மிகுந்த முதல் இறக்கம். ஒரு குறுகிய நகரத் துண்டுநிலத்துக்குள் மடித்து மடித்து அடக்கப்பட்ட பாதை அது. 1970களில் அதை இடித்துவிட்டு அருகிலுள்ள மீன்காட்சியகத்தை விரிவாக்கத் திட்டமிட்டார்கள். மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1975இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் ஓடியது. 1988இல் நியூயார்க் நகரம் அதை அடையாளச் சின்னமாக அறிவித்தது. 1991இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

அந்தச் சைக்ளோனின் புகழைப் பார்த்து மற்றப் பூங்காக்கள் அதைப் போலவே கட்டின. ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்டில் 1976இல் டெக்சாஸ் சைக்ளோன் வந்தது. அந்தப் பூங்காவோடு 2005இல் மறைந்தது. அட்லான்டா அருகில் 1990இல் ஜார்ஜியா சைக்ளோன் வந்தது. அது எஃகுப் பாதை பொருத்தப்பட்டு 2018இல் ட்விஸ்டட் சைக்ளோன் ஆகிவிட்டது. மேஜிக் மவுன்டனின் சைக்ளோன் வகைக் கோஸ்டர் 1991இல் வந்து 2007இல் மூடப்பட்டது. மூலம் இன்றும் ஓடுகிறது. இந்தப் பிரதிகள் மூன்றும் போய்விட்டன. வரைபடம் ஏறத்தாழ ஒன்றேதான். பருவந்தோறும் பலகை பலகையாகத் தண்டவாளத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றும் தச்சர்களும், அதற்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகமும், விட்டுக்கொடுக்காத ஊரும் மூலத்துக்கு மட்டுமே வாய்த்தன. ஆகவே பழையது புதியது என்று பார்ப்பதைவிட, பேணப்பட்டது பேணப்படாதது என்று பார்ப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

சமன்பாடு:

இந்தப் பதிவு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. பிரதிகளின் கதையை இவ்வாறு கோத்துப் பார்த்ததில்லை. ஆனால் பேணுதல் ஒன்றையே காரணமாகக் கொள்வது பாதி உண்மைதான். பேண வேண்டிய சுமை எவ்வளவு என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மரப்பாதை எப்படி அமைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு எட்டு அடுக்குகள் அடுக்கி, ஆணியும் திருகாணியும் கொண்டு இறுக்கி, மேலே தட்டையான எஃகுப் பட்டையை வைத்தால் அதுவே தண்டவாளம். வண்டி ஒவ்வொரு முறை கடக்கும்போதும் மரம் சிறிது அமுங்கி மீள்கிறது. வெயிலில் சுருங்குகிறது, மழையில் உப்புகிறது. ஒரு வளைவில் ஒரு விரற்கடை அளவு விலகல் ஏற்பட்டால், அடுத்த வண்டி அந்த இடத்தை இன்னும் பலமாக இடிக்கும். அந்த இடி விலகலை இன்னும் பெரிதாக்கும். ஆக, குறை தானாகவே வளரும் இயல்புடையது. சைக்ளோனின் தாங்குசட்டகம் உண்மையில் எஃகினால் ஆனது என்பதைப் பலர் அறிவதில்லை. அது மர கோஸ்டர் என்று சொல்லப்படுவது தண்டவாளத்தின் அடுக்குப் பலகைகளால்தான். அந்த உறுதியான சட்டகமும் அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இப்போது அளவைப் பாருங்கள். சைக்ளோனின் 2,640 அடிக்கு எதிராக மீன் ஸ்ட்ரீக்கின் பாதை 5,427 அடி. அதாவது தச்சர்கள் கவனிக்க வேண்டிய நீளம் இரு மடங்குக்கும் மேல். உயரமும் 161 அடி. பாதை தேய்வதைக் குறைக்க அதன் முதல் இறக்கத்திலேயே பிரேக் பொருத்தி வேகத்தைக் குறைத்தார்கள். இறக்கத்தில் வேகத்தைத் தடுத்த கோஸ்டரில் அதன் பிறகு வரும் மேடுகளுக்கு உயிர் இருக்காது. சின்சினாட்டி அருகில் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 2000இல் வந்த சன் ஆஃப் பீஸ்ட் இன்னும் கசப்பான பாடம். 218 அடி உயரமும் நடுவே ஒரு தலைகீழ் வளையமும் கொண்ட அது, 2006இல் மரச்சட்டம் ஒன்று சேதமடைந்ததால் 27 பேர் காயமடைந்த விபத்துக்கு உள்ளானது. வளையத்தை அகற்றினார்கள், 2009க்குப் பிறகு அது ஓடவே இல்லை. அதே பூங்காவில் 1979 முதல் ஓடும் பீஸ்ட் 7,361 அடி நீளத்தோடு இன்றும் நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பெரும்பாலும் காட்டின் மேடுபள்ளங்களை ஒட்டி ஓடுவது. நண்பர் நீரோடைக்கரை நிலத்தைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்துகிறது.

ராக்கி மவுன்டன் நிறுவனம் செய்தது இதுதான்: பலகை அடுக்கு இருந்த இடத்தில், எஃகுத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்துச் செய்த தண்டவாளத்தை வைத்தது. தகட்டை வேண்டிய வடிவில் வெட்டிக்கொள்ள முடிவதால், மரத்தால் முடியாத முறுக்கலும் சாய்வும் கைகூடின. ஸ்டீல் வெஞ்சன்ஸ் 205 அடி உயரத்திலிருந்து செங்குத்தாக, 90 பாகையில் இறங்குகிறது. நான்கு முறை தலைகீழாகப் புரள்கிறது. 5,740 அடி நீளத்தில் ஏறத்தாழ 27 நொடிகள் ஏர்டைம் தருகிறது. நண்பர் ஃபீனிக்ஸில் தேடும் அதே உணர்ச்சி, புதிய கணக்கீட்டின் துணையோடு அங்கே கிடைக்கிறது. பழைய மர கோஸ்டரின் குணத்தை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கட்டிய புதிய கோஸ்டர் அது.

கடைசிப்பெட்டி:

ஸ்டீல் வெஞ்சன்ஸைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். அதன் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. அதன் கம்பி தொடையைப் பற்றிக்கொள்கிறது, கணைக்காலையும் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவு வலுவான விசையில் அது கட்டாயம் தேவை என்பதும் தெரியும். அங்கே நான் எழ முயல்கிறேன், கம்பி என்னைத் தடுக்கிறது. ஃபீனிக்ஸில் நான் எழுகிறேன். இரண்டும் ஏர்டைம்தான், இரண்டும் ஒரே அனுபவம் அல்ல.

பிரேக்காரர்:

கம்பியைப் பற்றியே பேசுகிறோம். வண்டியை ஓட்டும் மனிதரைப் பற்றியும் ஒரு சொல். மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912 முதல் ஓடும் சீனிக் ரயில்வேயிலும், கோபன்ஹேகன் டிவோலியில் 1914 முதல் ஓடும் ருட்ஷபானனிலும், வண்டியிலேயே பயணம் செய்து கையால் பிரேக் பிடிக்கும் ஊழியர் இருக்கிறார். வேகம் எங்கே கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். மழை தூறினால் முன்னதாகப் பிடிப்பார். வண்டி நிறைந்திருந்தால் அதற்கேற்ப விடுவார். காலையில் ஒருவர், மாலையில் மற்றொருவர் என்று மாறினால் சவாரியும் சற்று மாறும். புதிய கோஸ்டரில் பாதை பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, முன் பகுதி காலியாகாமல் பின் வண்டி நுழைய முடியாதவாறு கணினி காக்கிறது. நிறுத்தும் வேலையைக் காந்தத் தகடுகள் செய்கின்றன. பாதுகாப்புக்கு அதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு மனிதரின் தேர்ச்சி சவாரியின் பகுதியாக இருப்பதை அனுபவிக்க விரும்புகிறவர்கள் அந்த இரண்டு ஊர்களுக்கும் போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அகன்றதோள்:

கம்பியைப் பற்றி எழுதிய நண்பர்கள் ஒரு கோணத்தைத் தொடவில்லை. நான் உயரமும் பருமனும் உடையவன். புதிய கோஸ்டர் ஒன்றில் நீண்ட நேரம் வரிசையில் நின்று, இருக்கையில் அமர்ந்த பிறகு, கம்பி போதிய அளவு இறங்கவில்லை என்று இறக்கிவிடப்பட்டேன். ஊழியர்கள் மரியாதையோடுதான் நடந்துகொண்டார்கள், விதியும் தேவையானது. ஆனால் அந்த வேதனை எளிதில் மறைவதில்லை. பழைய மர கோஸ்டர்களின் நீண்ட இருக்கைப் பலகையில் என்னைப் போன்றவர்களுக்கும் இடம் இருக்கிறது. பேரனும் பாட்டியும் ஒரே கம்பியின் கீழ் அமர்கிறார்கள். ஒரு கோஸ்டரை மதிப்பிடும்போது அதில் யாரெல்லாம் ஏற முடியும் என்பதும் ஒரு அளவுகோலாக இருக்க வேண்டும். வரிசை தொடங்கும் இடத்திலேயே மாதிரி இருக்கை வைப்பதை எல்லாப் பூங்காக்களும் கட்டாயமாக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

சமன்பாடு:

அகன்றதோள் சொல்வது மிக நியாயமானது. கம்பி எவ்வளவு இறுக வேண்டும் என்பதைப் பாதையின் விசைதான் முடிவு செய்கிறது. விசையைக் கூட்டிக்கொண்டே போகும் வடிவமைப்பாளர், ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகிறார் என்பதை அவர் வரைபடத்திலேயே உணர வேண்டும்.

கடைசிப்பெட்டி முதல் பதிவில் கேட்ட இரண்டாம் வாழ்வு பற்றிய கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். எஃகு கோஸ்டர்களைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுபோவது மரத்தைவிட எளிது. கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் 1975இல் வந்த கார்க்ஸ்க்ரூ, 1990இல் ஐடஹோவின் சில்வர்வுட் பூங்காவுக்குப் போய் அங்கே ஓடியது. ஆனால் எல்லையைத் தொட முயன்ற பெரிய இயந்திரங்களுக்கு அந்தப் பேறு கிடைப்பதில்லை. நீங்கள் முதலில் குறிப்பிட்ட கிங்டா கா 2024 பருவத்தோடு நிறுத்தப்பட்டு, 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இருபது ஆண்டுகூட நிறையவில்லை. சங்கிலி ஏற்றத்தைக் கொண்ட கோஸ்டரில் கெடக்கூடிய பாகங்கள் குறைவு. கிங்டா காவைப் போலத் திரவ அழுத்தத்தால் எறியப்படும் கோஸ்டரில் கம்பிவடம், மோட்டார், அழுத்தக் கலன் என எல்லாமே ஒவ்வொரு முறையும் உச்ச வரம்பில் உழைக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் 1927ஆம் ஆண்டின் எளிமை வென்றுவிட்டது என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல்வரிசை:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த கோடையில் பென்சில்வேனியாவுக்கும் ஒகையோவுக்கும் குடும்பத்தோடு வருகிறேன். இரு காலத்துக் கோஸ்டர்களையும் நேரில் ஒப்பிட எந்த வரிசையில் போவது நல்லது? மர கோஸ்டரில் முதுகு வலிக்கும் என்று என் அக்கா தயங்குகிறார்.

கடைசிப்பெட்டி:

முதலில் கெனோபல்ஸ், பிறகு கென்னிவுட், கடைசியில் சீடர் பாயின்ட் என்று கிழக்கிலிருந்து மேற்காக வாருங்கள். வழியும் அதுதான், ஒப்பிடுவதற்கும் அதுவே ஏற்றது. ஸ்டீல் வெஞ்சன்ஸில் முதலில் ஏறிவிட்டால், ஃபீனிக்ஸைக் கவனிக்கும் பொறுமை இல்லாமல் போகலாம். கெனோபல்ஸில் நுழைவுக் கட்டணம் இல்லை, சவாரிக்கு மட்டும் சீட்டு வாங்கினால் போதும் என்பதால், ஏற விரும்பாத பெரியவர்களையும் தயங்காமல் அழைத்துச் செல்லலாம்.

சீடர் பாயின்டில் நேராக ஸ்டீல் வெஞ்சன்ஸுக்கு ஓடாதீர்கள். அங்கே 1964இல் வந்த ப்ளூ ஸ்ட்ரீக் இருக்கிறது. ஃபீனிக்ஸைப் போலவே 78 அடி. அடுத்து 1989இன் மேக்னம். கிளம்பிய இடத்துக்கே சுற்றி வந்து சேரும் முழுச் சுற்றுக் கோஸ்டர்களில் 200 அடியை முதலில் தாண்டியது அதுதான். அடுத்து 2000ஆம் ஆண்டின் மில்லெனியம் ஃபோர்ஸ், அதன்பின் ஸ்டீல் வெஞ்சன்ஸ். ஒரே பூங்காவுக்குள் இந்த நான்கிலும் ஆண்டு வரிசைப்படி ஏறினால், இந்த இழையில் நாங்கள் எழுதியவற்றை உங்கள் உடலே சரிபார்த்துக்கொள்ளும்.

அக்காவிடம் சொல்லுங்கள்: மூன்று வரிசைகள் கொண்ட மர கோஸ்டர் பெட்டியில் முன் வரிசையும் பின் வரிசையும் சக்கரத்தின்மேல் அமைந்திருக்கும், அதிர்வு நேராக முதுகுக்கு வரும். நடு வரிசையில் அமர்ந்தால் அதிர்வு கணிசமாகக் குறையும்.

சமன்பாடு:

ஒரு சேர்க்கை மட்டும். மேக்னமின் கடைசி மேடுகள் இன்றைய கோஸ்டர்களைப் போல மழுங்கிய வளைவுகள் அல்ல, கூரானவை. அங்கே கம்பியைத் தொடையோடு நன்றாகப் பொருத்திக்கொள்ளுமாறு அக்காவிடம் சொல்லிவிடுங்கள். போய் வந்த பிறகு ப்ளூ ஸ்ட்ரீக்கையும் ஃபீனிக்ஸையும் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதை இங்கேயே எழுதுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு மர கோஸ்டர்கள் ஏன் வேறுபடுகின்றன என்பதை அடுத்து விவாதிக்க விரும்புகிறேன்.